அந்த ‘வி’ நாமா, நாங்களா?

“மிஸ், இங்க ‘நாங்கள்’தான் வரும்.”

“எப்படி வரும்? ‘நாம்’தான் சரி. அவர் எல்லாரையும் சேர்த்துத்தானே பேசுறார்?”

பதினொன்றாம் வகுப்பு. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, தமிழில் சொல்லச் சொல்லியிருந்தேன். ஒரு காசோலையை மாற்றுவதற்காக நாட்டின் தலைநகரத்துக்கு வந்திருக்கிறோம் என்று அவர் சொல்லும் வாக்கியம். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு உருவகம், அடுக்குத்தொடர் என்று மேலே போய்விடலாம் என்பதுதான் என் திட்டம். அன்றைய பாடவேளை முழுக்க அந்த ஒரு வாக்கியத்திலேயே கரைந்தது.

ஆங்கிலத்தில் ‘வி’ (we) என்று ஒரே சொல்தான். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டு சொன்னாலும் ‘வி’, அவரை வெளியே நிறுத்திவிட்டுச் சொன்னாலும் ‘வி’. தமிழில் அப்படித் தப்பித்துவிட முடியாது. எதிரில் நிற்பவரை உளப்படுத்தினால் நாம், விலக்கினால் நாங்கள். மூன்று வயதுக் குழந்தைகூட இதில் பிசகாமல் பேசும். இலக்கண வகுப்பில் ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோகிற சங்கதி இது. அன்றைக்கு அதுதான் முப்பத்தைந்து பிள்ளைகளையும் இரண்டு கட்சியாகப் பிரித்து உட்கார வைத்திருந்தது.

ஒருவன் சண்டையே வேண்டாம் என்று எழுவாயை விட்டுவிட்டு “தலைநகரத்துக்கு வந்திருக்கிறோம்” என்று மட்டும் எழுதியிருந்தான். ‘ஓம்’ விகுதி இரண்டுக்கும் பொது அல்லவா. அவனையும் விடவில்லை. “வினையில ஒளிஞ்சுக்கலாம். ‘நாட்டின் தலைநகரம்’ங்கிறதுக்கு முன்னாடி இன்னொண்ணு இருக்கே, அதை எங்கே ஒளிப்ப? எங்கள் நாடா, நம் நாடா?”

கொஞ்ச நேரம் கழித்து, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து சொன்னாள்: “வந்தது நாங்கள் மிஸ். நாடு நம்முடையது.”

கிங்கின் வாதம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. உரிமை மறுக்கப்பட்ட கறுப்பின மக்களாக நாங்கள் வந்திருக்கிறோம். ஆனால் அந்நியர்களாக வரவில்லை, உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான, நம்முடைய நாட்டின் வாசலில் நிற்கிறோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகக் கலந்து கிடப்பதைத் தமிழில் சொல்ல முயன்றதால் அவள் இரண்டாகப் பிரித்துப் பார்த்தாள். மேடைப் பேச்சுகளை ஆராயக் கற்றுத்தரும் என் முறை அந்த நிமிடத்திலிருந்து மாறியது.

அதற்கு முன் பல ஆண்டுகள் வேறு மாதிரிதான் நடத்திக்கொண்டிருந்தேன். அரிஸ்டாட்டில் சொன்ன மூன்று வழிகள்: பேசுபவர்மேல் பிறக்கும் நம்பிக்கை, கேட்பவர் மனத்தில் எழும் உணர்ச்சி, பேச்சுக்குள் இருக்கும் தர்க்கம். ஈத்தோஸ், பாத்தோஸ், லோகோஸ் என்று பலகையில் எழுதுவேன். பிள்ளைகள் மூன்று நிறப் பேனாவோடு உட்கார்ந்து கோடு போடுவார்கள். குழந்தைகளைப் பற்றி வந்தால் பாத்தோஸ், எண் வந்தால் லோகோஸ். விடைத்தாளில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் “அப்படியானால் இந்தப் பேச்சு உன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது?” என்று கேட்டால் பதில் வராது. பெயர் சூட்டத் தெரிந்திருந்தது. பேச்சு தங்கள்மேல் என்ன வேலை செய்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. அந்த மூன்று சொற்களை நான் குறை சொல்லவில்லை. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளாக நிற்கிறவை. ஆனால் பதினாறு வயதில் முதலில் கையில் கொடுக்க வேண்டிய கருவி அவை இல்லை என்பது என் முடிவு.

இப்போது முதல் வகுப்பிலேயே கேட்கும் கேள்வி ஒன்றுதான். பேச்சில் வரும் ஒவ்வொரு ‘வி’யும் நாமா, நாங்களா? உள்ளே யார், வெளியே யார்?

இந்தக் கேள்வியோடு லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரையை எடுத்தால் ஒரு வாரம் போதாது. 1863 நவம்பர் 19. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் ஒரு கொடும்போர் நடந்து நாலரை மாதம் கழித்து, அதே மண்ணில் போர்வீரர்களின் கல்லறையை அர்ப்பணிக்கும் நிகழ்ச்சி. அன்றைய முக்கியப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது சுமார் 270 சொற்கள். லிங்கன் கைப்பட எழுதிய பிரதிகள் ஐந்து இருக்கின்றன, அவற்றுக்குள் சிறு வேறுபாடுகளும் உண்டு. பரவலாக அச்சாகும் பிரதியைத்தான் வகுப்பில் வைத்துக்கொள்வோம். எண்ணச் சொன்னேன். ‘நான்’ என்று ஓர் இடத்தில்கூட இல்லை. ‘வி’ பத்து இடங்களில்.

பத்தையும் பலகையில் வரிசையாக எழுதினோம். முதல் ‘வி’, நாம் இப்போது ஒரு பெரும் உள்நாட்டுப் போரில் ஈடுபட்டிருக்கிறோம் என்பது. “இது நாம்தான் மிஸ், ரெண்டு பக்கமும் சேர்ந்தாத்தானே உள்நாட்டுப் போர்” என்றான் ஒருவன். சுட்டுக்கொண்டிருக்கும் எதிர்த்தரப்பையும் ஒரே சொல்லுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்கிறார் லிங்கன். அடுத்த ‘வி’ சுருங்குகிறது: இந்தக் களத்தில் கூடியிருக்கிறோம். அங்கே நின்றவர்கள் மட்டும். அதற்குப் பிறகு இன்னும் சுருங்குகிறது: இந்த மண்ணைப் புனிதமாக்க நம்மால் முடியாது, இங்கே போரிட்டவர்கள் ஏற்கெனவே ஆக்கிவிட்டார்கள். கடைசியில், மீதமிருக்கும் வேலையை ஏற்கும் ‘நாம்’ ஆக நிமிர்கிறது. விரிந்து, ஒடுங்கி, மறுபடி எழும்புகிறது அந்தச் சொல். இதைப் பெரிய தாளில் வட்டங்களாக வரைந்து சுவரில் ஒட்டினார்கள். ஒரு வட்டம் மாணவியின் விரல்நகம் அளவுக்குத்தான் இருந்தது. நம்மால் முடியாது என்று வரும் இடம் அது.

பிறகுதான் இரண்டாவது கேள்வி. ‘அவர்கள்’ யார்?

மேடைப் பேச்சில் ‘நாம்’ என்று ஒன்று இருந்தால் பெரும்பாலும் எதிரில் ஒரு ‘அவர்கள்’ இருக்கும். பிள்ளைகள் எதிரியைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. வடக்கு என்றோ தெற்கு என்றோ அந்த உரையில் ஒரு சொல் இல்லை. எதிர்த்தரப்பின் பெயரே இல்லை. அதில் வரும் ‘அவர்கள்’ எல்லாம் அந்தக் களத்தில் போரிட்டவர்கள், உயிர் கொடுத்தவர்கள். நாம் பகைக்க வேண்டியவர்களாக இல்லாமல், நாம் கடன்பட்டவர்களாக ‘அவர்கள்’ நிற்கிற பேச்சு. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பட்டியல் போட்டு முடித்ததும் முன்வரிசையில் இருந்த பெண் “அவர்கள்னா செத்துப்போனவங்க மட்டும்தான் மிஸ்” என்று தானாகச் சொன்னாள். போரின் நடுவில் நின்றுகொண்டு ஒருவர் இப்படிப் பேசியிருக்கிறார் என்பதை அந்த வகுப்பு அதற்குப் பிறகுதான் உணர்ந்தது.

எல்லா உரையிலும் இப்படி மனம் குளிரக் கிடைப்பதில்லை. 1940 ஜூன் 4 அன்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் பேசியதை எடுத்தோம். பிரான்ஸின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் மீட்கப்பட்டு நாடு மகிழ்ந்திருந்த நேரம். பின்வாங்கலை வெற்றி என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்று அந்த மகிழ்ச்சியிலேயே எச்சரிக்கிறார். கடற்கரையில் போரிடுவோம், வயல்களில், தெருக்களில் போரிடுவோம் என்று அடுக்கும் புகழ்பெற்ற பகுதி கடைசியில்தான் வரும். எல்லாரும் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அதே வாக்கியத்தைக் கடைசிவரை வாசிக்கச் சொன்னேன். இந்தத் தீவு வீழ்ந்தாலும் கடலுக்கு அப்பால் இருக்கும் எங்கள் பேரரசு போரைத் தொடரும், புதிய உலகம் தன் முழு வலிமையோடு மீட்க வரும்வரை என்று முடிகிறது. புதிய உலகம் என்றால் அமெரிக்கா. அது அப்போது போருக்குள் வரவே இல்லை. எதிரில் உட்கார்ந்திருந்த உறுப்பினர்களிடம் பேசிக்கொண்டே கடலுக்கு அப்பால் ஒருவரிடம் கை நீட்டுகிறார். பேச்சைக் கேட்கும் கூட்டம் ஒன்று, பேச்சு போய்ச்சேர வேண்டிய ஆள் இன்னொருவர். இதைக் கண்டுபிடிப்பதில் பிள்ளைகளுக்கு ஒரு துப்பறியும் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது. “எங்கள் பேரரசுன்னு சொல்றாரே, அதுக்குள்ள நம்ம கொள்ளுத் தாத்தா எல்லாம் இருந்தாங்கதானே? அப்போ இதுக்கு முன்னாடி வர்ற ‘போரிடுவோம்’ல அவங்க நாமா, நாங்களா?”

இந்தியத் தலைவர்கள் யாரையும் கலந்துகொள்ளாமலேயே 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இருப்பதாக அறிவித்தார். அதைக் கண்டித்து மாகாணங்களில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. இதைச் சொன்னேன். வகுப்பு பேசவில்லை. கேட்டவனே சொன்னான்: “அப்போ நாமும் இல்ல, நாங்களும் இல்ல. ‘எங்களுடைய’.” உடைமைப் பொருளில் வரும் ஒரு வேற்றுமையை அவ்வளவு துல்லியமாக நான் நடத்தியதில்லை. அந்த உரையின் துணிவையும் மொழியையும் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இன்றும் உரக்க வாசித்தால் உடம்பு சிலிர்க்கிறது. சிலிர்ப்பும் இந்தக் கேள்வியும் ஒரே நேரத்தில் மனத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேருவின் நள்ளிரவு உரையில் வேறொன்று கிடைத்தது. 1947 ஆகஸ்ட் 14 இரவு, அரசியல் நிர்ணய சபையில். உலகம் உறங்கும் வேளையில் இந்தியா விழித்தெழும் என்ற வரியைப் படித்ததும் ஒருத்தி கை தூக்கினாள். “உலகம் தூங்கலையே மிஸ். அமெரிக்கால அப்போ மத்தியானம்.” கணக்குப் போட்டுப் பார்த்தோம். நியூயார்க்கில் பிற்பகல் இரண்டரை, லண்டனில் அந்திப்பொழுதுகூடத் தாண்டியிருக்காது. வகுப்பில் ஒரே ஆரவாரம், பெரிய பிழையைப் பிடித்துவிட்ட மாதிரி. சரி, பிழைதான் என்றால் அதைத் திருத்து என்றேன். “உலகின் ஒரு பகுதி உறங்கும் வேளையில்” என்று எழுதிப் படித்துப் பார்த்தார்கள். அவர்களுக்கே பிடிக்கவில்லை. உண்மை கூடியது, விழிப்பு போய்விட்டது. அந்தச் சொல் அங்கே தகவல் சொல்லவில்லை, ஒரு மேடையை இருட்டாக்கி ஒரே ஒரு விளக்கை ஏற்றுகிறது என்பது அப்போது விளங்கியது. அதே உரையின் தொடக்கத்தில், கொடுத்த வாக்கை முழுமையாக இல்லாவிட்டாலும் பெருமளவுக்கு நிறைவேற்றப் போகிறோம் என்று ஒரு சிறு விலக்கு இருக்கிறது. நாடு இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்த வாரம். அந்த ‘முழுமையாக இல்லாவிட்டாலும்’ எவ்வளவு பெரிய துயரத்தை இரண்டு சொல்லில் தாங்கிக்கொண்டு நிற்கிறது என்று காட்டியபோது ஆரவாரம் தானாக அடங்கியது.

தமிழ் தரும் இன்னொரு கருவி வினைச்சொல். கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான். இதற்கு விளக்கமே வேண்டாம். “கண்ணாடி உடைஞ்சிடுச்சு மிஸ்” என்று எத்தனையோ தடவை என் முன்னாலேயே வந்து நின்றிருக்கிறார்கள். யார் உடைத்தது என்று கேட்டால்தான் அடுத்த வார்த்தை வரும். மேடைகளிலும் அறிக்கைகளிலும் இதுவேதான் நடக்கிறது. தவறு நடந்துவிட்டது. சூழல் உருவானது. உயிர்கள் பறிபோயின. எல்லாம் தானாகவே நிகழ்ந்தவை போல. செய்தவர் இல்லாத வினைகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுவாய் வைத்துத் திரும்ப எழுதுங்கள் என்பேன். எழுவாய் வைத்ததும் சில வாக்கியங்கள் குற்றச்சாட்டாக மாறிவிடும். எவற்றை அப்படி எழுத முடியாமல் பேச்சாளர் ஒளித்தாரோ, அங்கேதான் நாம் நின்று கேட்க வேண்டும்.

இதைச் சொந்தப் பேச்சில் பார்ப்பது கடினம். மாணவர் தலைவர் தேர்தலுக்கு ஒருவன் எழுதிவந்த பேச்சை, அவன் சம்மதத்தோடு, வகுப்பில் வைத்தோம். “நாம் நூலகத்தைப் பயன்படுத்துவதில்லை. நாம் புத்தகங்களைக் கிழிக்கிறோம். நாங்கள் வந்தால் இதை மாற்றிக்காட்டுவோம்.” படித்து முடிக்குமுன்னே ஒரு குரல்: “கிழிக்கிறது நாம், மாத்துறது நீங்களா?” பையனின் முகம் வாடிவிட்டது. எனக்கும் வருத்தமாக இருந்தது, ஏனென்றால் அவன் யாரையும் ஏமாற்ற எழுதவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய மேடைத்தமிழ் தானாக அப்படி வந்து விழுகிறது. கஷ்டத்துக்கு நாம், பெருமைக்கு நாங்கள். மறுநாள் அவன் மாற்றி எழுதிக்கொண்டு வந்தது: “போன வருஷம் நான் ஒரு புத்தகத்தில் பக்கத்தைக் கிழித்தேன். அதை ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.” அந்தப் பேச்சை அப்படியே பேசினான்.

இப்படிச் சில வாரம் போனதும் ஒவ்வொரு ஆண்டும் ஒரு ஆபத்து வரும். “அப்போ எல்லாரும் ஏமாத்துறாங்கதானே மிஸ்?” என்று யாராவது கேட்பார்கள். கேட்கும்போது முகத்தில் ஒரு திருப்தியும் இருக்கும், எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன் என்பது போல. எனக்கு அது பயம் தருகிறது. எதையும் நம்பாத பிள்ளையும் எல்லாவற்றையும் நம்பும் பிள்ளையும் ஒரே மாதிரிதான், இருவரும் பேச்சைக் கூர்ந்து கேட்பதில்லை. அதனால்தான் கிங்கின் உரையைப் பாதியில் நிறுத்தி வைத்திருந்து, இந்தக் கேள்வி வந்த பிறகு மறுபடி எடுப்பேன்.

‘கனவு’ப் பகுதியை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அது எழுதி எடுத்துவந்த பிரதியில் இல்லாதது, மேடையில் தாளை விட்டு விலகிப் பேசியது. அதற்கு முன்னால் வரும் காசோலைப் பகுதிதான் எனக்கு அதைவிடப் பிடிக்கும். அரசியல் சாசனமும் சுதந்திரப் பிரகடனமும் ஒவ்வொரு அமெரிக்கருக்கும் எழுதிக்கொடுத்த புரோநோட்டு என்கிறார். கறுப்பின மக்களுக்குக் கொடுத்த செக் மட்டும் கணக்கில் போதிய பணம் இல்லை என்று திரும்பிவிட்டது. நீதியின் வங்கி திவாலாகிவிட்டது என்று நம்ப மறுக்கிறோம், அதனால்தான் வந்திருக்கிறோம் என்கிறார். செக் பவுன்ஸ் ஆவது என்றால் என்ன என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொடுக்க வேண்டிய கடனைக் கேட்க வந்தவனுக்கு உரிய நிமிர்வு அந்த உருவகத்தில் இருக்கிறது. கெஞ்சல் இல்லை.

அதற்கு அடுத்த பகுதியைத்தான் மெதுவாக வாசிக்கச் சொல்வேன். ‘என் மக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்’ என்று திரும்புகிறார். கசப்பும் வெறுப்பும் நிறைந்த கோப்பையிலிருந்து குடித்து நம் தாகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டாம் என்கிறார். கூட்டத்தில் நிற்கும் வெள்ளையரின் விதியும் நம் விதியோடு பிணைந்தது, தனியாக நடக்க நம்மால் முடியாது என்கிறார். இங்கே வரும் ‘வி’யைத் தமிழில் எழுதச் சொன்னால் இப்போது சண்டை வருவதில்லை. ‘நாங்கள்’ என்று காசோலையோடு வந்தவர், பதினேழு நிமிடத்துக்குள் எல்லாரும் கை கோக்கும் ‘நாம்’ வரை நடந்துபோயிருக்கிறார். அடுத்த ஆண்டு ஜூலை 2 அன்று குடிமை உரிமைகள் சட்டம் கையெழுத்தானது. ஒரு பேச்சால் மட்டும் சட்டம் வருவதில்லை, சிறை சென்றவர்களும் அடிபட்டவர்களும் அதன் பின்னால் இருக்கிறார்கள். அதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பகுதியிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தனக்குக் கைதட்டுகிறவர்களிடம் இவர் எதையாவது கேட்டாரா? எதிரியைத் திட்டுவதற்குத் துணிவு அதிகம் வேண்டாம், தன் கூட்டத்திடம் “நீயும் மாற வேண்டும்” என்று சொல்லத்தான் வேண்டும். எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று கேட்ட பையனிடம் பத்துப் பேச்சுகளைக் கொடுத்து இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் சொன்னேன். மூன்று தேறின என்று வந்தான். மூன்று கிடைத்ததில் அவனுக்கு ஏமாற்றம், எனக்கு நிம்மதி.

இந்த ஆண்டு கடைசி வகுப்பில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வைத்தேன். பாண்டியன் அவையில் கண்ணகி பேசியது, முன்பே தமிழ்ப் பாடத்தில் படித்தது. முதலில் தன் ஊர் எதுவென்று சொல்கிறாள்: புறாவுக்காகத் தன்னையே தந்தவனும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட ஊர். நீதி என்றால் என்னவென்று தெரிந்த இடத்திலிருந்து வந்தவள் என்று, குற்றம் சொல்வதற்கு முன்பே நிறுவிவிடுகிறாள். அப்புறம் சான்று. ஒரே சொல்: என் சிலம்பில் இருக்கும் பரல் மாணிக்கம். மன்னன் பதில் சொல்கிறான், ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’.

யாம் என்பது பழைய தமிழின் ‘நாங்கள்’. அதைப் பிள்ளைகள் உடனே வட்டமிட்டுவிட்டார்கள். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. அடுத்து மன்னன் வாய் திறக்கும் இடத்தை ஒருத்தி உரக்கப் படித்தாள். ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்.’

படித்துவிட்டு நின்றாள். மேலே பார்த்தாள், மறுபடி கீழே பார்த்தாள்.

“மிஸ், சிலம்பு யாமுடையது. தப்பு யான்.”

அதற்கடுத்து வரும் வரிகளில் ‘என்முதல் பிழைத்தது’ என்று இருப்பதைக் காட்டினேன். பிழைத்தது என்று தானாக நடந்த மாதிரி ஒரு வினை. ஆனால் அதற்கு முன்னால் ‘என்முதல்’ என்று மன்னன் தன்னைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். நூலகப் பேச்சு எழுதிய பையன் அந்த வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலேயே சொன்னான்:

“தவறு நடந்துவிட்டதுன்னு அவன் சொல்லலை மிஸ்.”